கேட்டுக்கு அந்தப் பக்கம்

தமிழ் பேசத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காகத்தான் என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். சாலை, ரயில், பேருந்து என்று அரசாங்கம் திட்டம் போடும்போது அதைப் பற்றி அந்தந்த ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களை நடத்திக் கொடுப்பது என் வேலை. கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் சின்ன நிறுவனத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாநிலப் போக்குவரத்துத் திட்டத்தின் வரைவை வடசென்னை மக்கள் முன்னால் வைக்க வேண்டும், ஒரு வாரம் துணைக்கு ஆள் வேண்டும் என்று சென்னையிலிருந்து கேட்டபோது மேலாளர் நேராக என் மேசைக்கு வந்துவிட்டார்.

நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானில். துறைமுகமும் டீசல் புகையும் கண்டெய்னர் லாரிகளும் எனக்குப் பழக்கம். அதனால் ராயபுரம் எனக்குப் புதிதாக இருக்காது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை ஆட்டோக்காரரே கலைத்துவிட்டார். என் தமிழ் அவருக்கு முழுக்கப் புரிந்தது. அவருடைய தமிழ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பெட்டி கனமாக இருக்கிறது என்பதை "பொட்டி செம வெய்ட்டா கீதுக்கா" என்றார். சிலோனா என்று கேட்டார். மலேசியா என்றேன். அதை லாட்ஜ் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் எனக்கு 'மலேசியாக்கா' என்று பெயராகிவிட்டது.

சாயங்காலம் மேனேஜர் என்னை அத்தோ சாப்பிட அனுப்பினார். துறைமுகத்து மதிலை ஒட்டிய ஒரு கைவண்டிக் கடை. காவி நிறத்தில் தடித்த நூடுல்ஸ். அதில் முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். எங்கள் ஊர் மீ கோரெங்குக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். கூடவே வாழைத்தண்டு சூப். கிண்ணம் காலியாகும்போதெல்லாம் கடைக்காரர் கேட்காமலே ஊற்றினார். போதும் என்று சொல்வதற்கு இந்த ஊரில் ஒரு தனிச்சொல் இருக்கும்போல, நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் மெட்ரோவில் விம்கோ நகர் வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மெட்ரோ கோலாலம்பூர் போலவே குளிர்ந்து கிடந்தது. ஷேர் ஆட்டோ அப்படியில்லை. ஒரு அம்மாவின் மீன் கூடைக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணின் புத்தகப் பைக்கும் நடுவில் என்னை அடைத்தார்கள். இறங்கும்போது என் சேலையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அந்தப் பெண் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாம் மாடியில். நடத்துபவர் பொறியாளர் ஞானசேகரன். மாநிலத் திட்டக் குழுவைச் சேர்ந்தவர், ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல மனிதர். நாற்காலிகளைத் தானே துடைத்துக் கொண்டிருந்தார். நிறைய பேர் வருவார்கள் என்று நம்பிப் போட்ட நாற்காலிகள். வந்தவர்கள் முன்வரிசையோடு முடிந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், கட்சிக்காரர்கள், பிறகு சில வியாபாரிகள்.

திட்டத்தில் அந்தப் பகுதிக்கென்று இருந்த முக்கியமான விஷயம் ஒரு ரயில்வே கேட். மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம். தண்டவாளத்துக்கு மேற்கே வீடுகள், கிழக்கே கடைத்தெரு, மாதா கோயில், தொழிற்சாலைகள், கடல். எண்ணெய் டாங்கரும் நிலக்கரியும் ஏற்றிய சரக்கு ரயில்கள் போய்க்கொண்டே இருப்பதால் கேட் திறந்திருக்கும் நேரத்தைவிட மூடியிருக்கும் நேரம் அதிகம். அந்த இடத்தில் வாகனங்களுக்கு ஒரு மேம்பாலம் கட்டிவிட்டு, கேட்டை நிரந்தரமாக மூடுவது என்பது வரைவு. நடப்பவர்களுக்குப் படிக்கட்டு வைத்த ஒரு நடைமேம்பாலம். வரைவில் அந்தப் பக்கத்தை மேடையில் நின்று வாசித்தவள் நான்.

அதை ஆதரித்து எழுந்து பேசியவர் சாலமோன் அண்ணாச்சி. கேட்டுக்குக் கிழக்கே மளிகை மொத்த வியாபாரம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். பாலம் எப்போதோ வந்திருக்க வேண்டும், இனிமேல் யாராவது ஆட்சேபணை என்று கிளம்பினால் இன்னும் பல வருஷம் இழுத்துவிடும், அதனால் தயவுசெய்து யாரும் குறுக்கே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. கூட்டம் சீக்கிரமே முடிந்தது.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கேட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று தனியாக நடந்து, தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனேன். ஒரு கண்டெய்னர் லாரி திரும்பிக் கொண்டிருந்தது. அத்தனை நீள வண்டியை அத்தனை சின்ன முனையில் டிரைவர் எப்படித் திருப்புகிறார் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். தார் முடிந்து பள்ளம் தொடங்கியதைக் கவனிக்கவில்லை. கணுக்கால் மடங்கியது. தரையில் விழுந்து உட்கார்ந்திருப்பது நான்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் ஓடி வந்தவள் கூழ் வண்டிக்காரப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். காலைத் தேய்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"தேய்க்காதக்கா, இன்னும் வீங்கிடும். எந்தம்பி வியாசர்பாடி கிரவுண்டுல பந்து ஆடறவன். இத்த மாதிரி எத்தினி கால நான் கட்டிகீறேன்."

வண்டியிலிருந்த துணியை நனைத்து என் கணுக்காலை இறுக்கிச் சுற்றினாள். ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டேன். கேட்டருகே லாரி நிறைந்து கிடக்கிறது, உள்ளே எந்த ஆட்டோவும் வராது என்றாள். பிறகு கூழ்ப் பானையை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்து, மோர்மிளகாய், கருவாட்டுப் பாத்திரங்களை டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, வண்டியின் காலிப் பலகையைக் காட்டி, "குந்துக்கா" என்றாள்.

நான் பல நாடுகளில் பல வண்டிகளில் ஏறியிருக்கிறேன். கூழ்ப் பானையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி, கைவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனது அன்றுதான். எதிரே வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். அவளும் நடையை நிறுத்தாமல் எல்லாருக்கும் பதில் சொன்னாள். அவள் பெயர் தனம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரி மேற்குப் பக்கம். நாங்கள் கேட்டுக்கு வரவும் அது மூடவும் சரியாக இருந்தது. டாங்கர் ரயில் ஊர்ந்து வந்தது. தனம் வண்டியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். இந்தக் கேட்டை மூடப்போகிறார்களாம், கேள்விப்பட்டாயா என்று அவளாகவே ஆரம்பித்தாள். வீடு மேற்கே, வியாபாரம் கிழக்கே. தினமும் பானையோடு இதைத் தாண்டித்தான் பிழைப்பு. மேம்பாலத்தில் கைவண்டி ஏறக்கூடாது என்பார்கள், படிக்கட்டில் ஏற்றவும் முடியாது. நான் அந்தக் கூட்டத்துக்காக வந்தவள்தான் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், கோபிக்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டாவது மாடின்னு சொன்னாங்க. வண்டிய கீய யாருகிட்ட வுட்டுட்டு வர்றது? அதுவும் காலைல யாவார நேரத்துல."

அப்போது பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். தனம் பேச்சை நிறுத்திவிட்டு, வண்டியை என்னோடு சேர்த்துச் சேற்றோரம் இழுத்துவிட்டாள். மோட்டார் சைக்கிள்காரர்களும் ஒதுங்கினார்கள். வழி கிடைத்தும் ஆம்புலன்ஸ் நகர முடியவில்லை. ரயில் போய்க்கொண்டே இருந்தது. முன் இருக்கையில் ஒரு பெண் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. கேட் திறந்ததும் அத்தனை பேரும் ஆம்புலன்ஸை முதலில் விட்டார்கள். அண்ணாச்சி காலையில் ஏன் அந்தக் குரலில் பேசினார் என்று அப்போது கொஞ்சம் விளங்கியது.

எலும்பு முறியவில்லை, தசைநார் பிசகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போட்டு, ஒரு ஊன்றுகோலைக் கொடுத்து, சில வாரங்கள் மாடிப்படி ஏறக்கூடாது என்றார். தனம் அதுவரை கூடவே இருந்துவிட்டு, கூழ் புளித்துவிடும் என்று கிளம்பினாள். நன்றி சொல்ல ஆரம்பித்தேன். "சரிக்கா, நாளிக்கி வந்து கூயு குடி" என்று போய்விட்டாள்.

செய்தி கேட்டு ஞானசேகரன் பதறி வந்தார். கூடவே அண்ணாச்சி, தன் சரக்கு வண்டியோடு. குட்டி யானை என்று அந்த வண்டிக்கு இங்கே செல்லப்பெயர். போகும்போது கைவண்டி, வரும்போது குட்டி யானை. ஓட்டிக்கொண்டே அண்ணாச்சி தன் மனைவி எஸ்தரைப் பற்றிச் சொன்னார். கிழக்கே கடையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போன ஆம்புலன்ஸ் இதே கேட்டில் நின்றது. உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையும் காலும் பழையபடி திரும்பவில்லை. "அன்னைக்கு இந்த எடத்துல நான் நின்ன நிலைமை எந்த மனுஷனுக்கும் வரக்கூடாதும்மா. அதான் சொல்லுதேன், பாலம் வரட்டும்" என்றார். ஞானசேகரன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் தன் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாக அழைத்துப் போனார். கேட்டுக்கு மேற்கே, தரைத்தள வீடு. சாளை மீன் குழம்பு, அவியல், பிறகு கருப்பட்டிக் காபி. எஸ்தரம்மா இடது கையால் பரிமாறினார். நானும் அவரும் ஆளுக்கொரு கோலை நாற்காலியில் சாய்த்துவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றபடி அதிகம் பேசவில்லை, பேச்செல்லாம் அண்ணாச்சிதான். என்னால் படி ஏற முடியாததால் அடுத்த கூட்டம் மண்டபத்தின் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில்தான், நீங்களும் வாருங்கள் என்று நான் அம்மாவை அழைத்தேன். அவளுக்கு எதற்கு வீண் சிரமம் என்றார் அண்ணாச்சி. எஸ்தரம்மா என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

கூட்டத்தைக் கீழே இறக்குவதற்கு ஞானசேகரன் முதலில் தயங்கினார். வெளிச்சத்தில் திரையில் படம் தெரியாதே என்பது அவர் கவலை. திரையே வேண்டாம், வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் கட்டலாம் என்றேன். காலை பத்து மணிக்குப் பதிலாக, வேலை முடிந்து திரும்பும் சாயங்காலத்துக்கு மாற்றவும் சம்மதித்தார். எனக்காகத்தான் செய்தார். பலன் என்னவோ வேறு பக்கமிருந்து வந்தது.

தெருவைப் பார்த்துத் திறந்திருந்த இடம். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், நின்றார்கள், உள்ளே வந்தார்கள். தொழிற்சாலைச் சீருடையோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள். தனம் வண்டியையே உள்ளே கொண்டுவந்து தூணருகே நிறுத்திவிட்டாள். வரைபடத்தில் எல்லாரும் முதலில் தேடியது தங்கள் வீட்டைத்தான். கண்டுபிடித்த பிறகு அங்கிருந்து விரலை நகர்த்தி, பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று போய்ப் பார்த்தார்கள். விரல்கள் எல்லாம் கேட்டில் வந்து முட்டி நின்றன.

தனம் பேசினாள். பாலம் வேண்டாம், கேட் அப்படியே இருக்கட்டும் என்றாள். அண்ணாச்சி எழுந்தார். ஆம்புலன்ஸ் கதையைச் சொன்னார். இந்த முறை குரல் தடித்துவிட்டது. உன் வண்டிக்காக இன்னொரு உயிர் கேட்டில் கிடக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டார். தனத்தின் முகம் சிவந்துபோனது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் எழுந்தது. ஞானசேகரன் கையை உயர்த்தியபடியே நின்றார். பாலத்துக்குக் கீழே கேட் வைக்க ரயில்வே ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சுரங்கப்பாதை என்று ஒருவர் சொன்னார். மழைக்கு அதில் வலை போட்டு மீன் பிடிக்கலாம் என்று பின்னாலிருந்து பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பல கூட்டங்கள் இந்த இடத்தில்தான் உடைந்திருக்கின்றன. இதுவும் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது எஸ்தரம்மா உள்ளே வந்தார். தனியாக, கோலை ஊன்றி, மெதுவாக. எப்போதிலிருந்து தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. அண்ணாச்சி பாய்ந்து போய்க் கையைப் பிடித்தார். அம்மா கையை விடுவித்துக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கை நீட்டினேன், வேண்டாம் என்றார். அவருக்காகவே சத்தம் அடங்கியது.

"பாலம் வேண்டாம்னு நான் சொல்லல. அன்னைக்கு பாலம் இருந்திருந்தா என் கை நல்லாயிருக்கும். ஆனா நான் தெனமும் காலைல இந்தக் கேட்டைத் தாண்டித்தான் மாதா கோயிலுக்கு நடந்து போறேன். நடக்க நடக்கத்தான் காலு வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. படிக்கட்டுல என்னால ஏற முடியாது. கேட்டை அடைச்சிட்டா நான் எப்படி அங்க போவேன்?"

இதைச் சபைக்குச் சொல்லவில்லை, கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். தன் மனைவி கோயிலுக்கு நடந்தே போவது அண்ணாச்சிக்குத் தெரியாது. அவர் விடிவதற்கு முன்பே கொத்தவால்சாவடிச் சந்தை லோடு இறக்கக் கிளம்பிவிடுகிறவர், ஆட்டோவில் போய் வருகிறாள் என்று நினைத்திருக்கிறார். பிறகு வரைபடத்தருகே போனார்.

படிக்கட்டுக்குப் பதில் சரிவாக வைத்தால் என்ன என்று ஞானசேகரனிடம் கேட்டார். சக்கர நாற்காலி, கைவண்டி எல்லாம் ஏறுகிற மாதிரி சாய்தளம் போடலாம், ஆனால் அதற்கு நீளம் வேண்டும், மேற்கே இடம் இருக்கிறது, கிழக்கே இல்லை, அதனால்தான் படிக்கட்டு வரைந்தோம் என்றார் அவர். அண்ணாச்சி வரைபடத்தில் கிழக்குப் பக்கம் ஒரு கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது அவருடைய குடோன்.

"இதுக்கு முன்னால லாரி நிறுத்துத எடம் நம்மளோடது. நாளைக்கு வந்து அளந்து பாருங்க சார். போதும்னா எடுத்துக்கிடுங்க. முறைப்படி என்ன உண்டோ அதைப் பொறவு பேசிக்கிடலாம்."

யாரும் கைதட்டவில்லை. அண்ணாச்சி திரும்பி தனத்திடம் போய், சற்றுமுன் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவள் ஒரு சொம்பில் கூழை ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "குடி அண்ணாச்சி, தொண்ட காஞ்சிட்ருக்கும்" என்றாள். எனக்கும் ஒரு சொம்பு கிடைத்தது. கேழ்வரகின் புளிப்பும் கருவாட்டின் உப்பும் சேர்ந்து உள்ளே இறங்கியபோது, கால் வலி கொஞ்ச நேரம் மறந்துபோனது.

மறுநாள் அளந்தார்கள். நாடாவின் ஒரு முனையை அண்ணாச்சியே பிடித்தார். இடம் போதும், ஒரு வளைவு மட்டும் வைக்க வேண்டியிருக்கும் என்று ஞானசேகரன் சொன்னார். அவர் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவைப் பார்த்தேன்.

நான் கிளம்ப வேண்டிய நாளில், திருத்திய வரைவை அதே இடத்தில் வாசித்தார். முன்பைவிடக் கூட்டம் அதிகம், நாற்காலி போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். மேம்பாலம் இருந்தது, நடைமேம்பாலத்துக்கு இரண்டு பக்கமும் சாய்தளம் வந்திருந்தது. இது பரிந்துரைதான், மேலே பலர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், எப்போது நடக்கும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

தனம் எழுந்தாள். சாய்தளம் கட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. வழக்கமாகப் பாலம் திறந்த அன்றே கேட்டை அடைத்துவிடுவார்கள். நடைபாதை பிறகு எப்போதாவது வரும். ஞானசேகரன் பேனாவை எடுத்தார், காகிதத்தை என் தோளில் வைத்தே எழுதினார். எழுதியதை வாசிக்க ஆரம்பித்தபோது ரயில் வந்தது. நிலக்கரி ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. எஸ்தரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாத ஊரில் என்னை வண்டியில் வைத்துத் தள்ளியவர்களும், சோறு போட்டவர்களும், என்னோடு கோலைச் சாய்த்துவைத்துச் சிரித்தவர்களும் சுற்றிலும் உட்கார்ந்திருக்க, அந்த ரயில் முடியும்வரை நான் மனசுக்குள் ஒவ்வொருவருக்காய் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தம் ஓய்ந்தது. மறுபடி வாசியுங்கள், பின்னால் கேட்கவில்லை என்றார் அண்ணாச்சி. ஞானசேகரன் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"நடந்து செல்வோருக்கும் கைவண்டிகளுக்குமான சாய்தளப் பாதை பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை, இந்த ரயில்வே கேட் மூடப்படக் கூடாது."

தனம் உட்காரவில்லை. அவர் காகிதத்தை மடிக்கிறவரை நின்றே கேட்டாள்.

"இப்ப கேட்டுச்சி சார்," என்றாள்.